வலது கன்னத்துத் தழும்பு

என் அக்காவை ஸ்டூடியோவில் எல்லோரும் 'ரப்பர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் வேண்டாததை எல்லாம் அழிப்பது அவள் வேலை. பரு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் தொங்கும் சதை, கல்யாணப் படத்தின் ஓரத்தில் கூப்பிடாமல் வந்து நின்ற சொந்தக்காரர் உட்பட எதுவும் அவள் கைக்குத் தப்பாது. "நானா இதுன்னு இருக்கு!" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள் வாடிக்கையாளர்கள். நானா இது என்று கேட்கும்படி ஒரு படம் எதற்கு என்று நான் கேட்டால், "உனக்குத் தொழில் தெரியாதுடி" என்பாள்.

அவளால் அழிக்க முடியாதது ஒன்று இருந்தது. அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை இறங்கும் தழும்பு. எப்படி வந்தது என்று கேட்பவர்கள் பெரிய கதையை எதிர்பார்ப்பார்கள். திருடனோடு சண்டையா, தீ விபத்தா, யாரையாவது காப்பாற்றப் போனாளா? ஒரு மண்ணும் கிடையாது. அப்போது அவள்தான் அந்த ஸ்டூடியோவின் கேமராக்காரி. ஒரு நாள் பின்னால் தொங்கவிடும் திரையை மாற்றும்போது, திரையைச் சுருட்டி வைத்திருந்த இரும்புக் குழாய் கழன்று விழுந்து, அதன் கொக்கி கன்னத்தைக் கிழித்துவிட்டது. அந்தத் திரையில் வரைந்திருந்தது ஓர் அருவி. அறைக்குள்ளேயே அருவி விழுந்து அடிபட்டவள் உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். இதை நான் சொன்னால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். மூன்றாம் மனிதர் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களுக்கு முன்னால் அழுதவர் அவர். தையல் பிரித்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது, "கொஞ்ச நாள் உள்ள உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பாரும்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. முன்னறையில் விளக்குகள், முக்காலி, கேமரா, அவளுக்குப் பதிலாக வந்த ஓர் இளைஞன். பின்னறையில் ஜன்னல் இல்லாத சுவர், கணினி, என் அக்கா.

நான் மருந்துக்கடையில் நிற்பவள். தழும்புக்கு என்று புதிதாக எந்தக் களிம்பு வந்தாலும் அன்று மாலையே ஒரு டியூப் அவள் வீட்டுக்குப் போய்விடும். அவள் மேல் மாடி, நான் கீழ் மாடி. எல்லாவற்றையும் வாங்கிப் பொறுமையாகத் தடவினாள். தழும்பு இம்மியும் அசையவில்லை. மற்ற கன்னம் மட்டும் குழந்தைக் கன்னம் மாதிரி ஆனது. வீணாக்க வேண்டாமே என்று மிச்சத்தை அங்கே தடவியிருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விக்கம்மா வந்தார். பந்துமூட்டுப் பொம்மைகளுக்கு விக் தைப்பவர். பெரியவர்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கும் பொம்மை அது. கழுத்து, முழங்கை, முழங்கால் என்று மடங்குகிற இடமெல்லாம் ஒரு பந்து வைத்து, உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓட்டி இழுத்துக் கட்டியிருப்பார்கள். உட்கார வைத்தால் உட்காரும், கன்னத்தில் கை வைத்து யோசிக்கும். கண்ணை, முடியை, ஏன், தலையையே கழற்றி மாற்றலாம். விக்கம்மா தன் பொம்மையைப் படம் எடுக்கக் கொடுத்துவிட்டுப் போனார். படம் பின்னறைக்கு வந்தது. பொம்மையின் முகவாயில் ஒரு கோடு இருந்தது. அக்காவின் கை சும்மா இருக்குமா? துடைத்துவிட்டது.

மறுநாள் விக்கம்மா படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் அறைந்தார். "யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். "கீறல் விழுந்திருந்துச்சேம்மா, அதான்..."

"கீறலா? அது தழும்பு! நான் போட்டது! ஒரு வாரம் உக்காந்து போட்டிருக்கேன், நீங்க ஒரு நிமிஷத்துல துடைச்சுட்டீங்க!"

அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் பிரகாசம். "என் முகத்தைப் பாத்தா எல்லாரும் குரலைத் தாழ்த்திப்பாங்க. அந்தம்மா நல்லாப் பாத்தாங்கடி. பாத்துட்டும் திட்டறத நிறுத்தவே இல்ல."

திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு, இந்தப் பொம்மை சேர்ப்பவர்கள் கூடும் விக்கம்மாவின் கூட்டத்துக்கு அக்கா போக ஆரம்பித்தாள். தனக்கென்று ஒரு பொம்மையும் வரவழைத்தாள். வண்ணம் பூசாத வெற்று முகத்தோடு வந்தது. முகத்தை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் அக்கா அதை எழுதவில்லை. பெட்டியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடி அலமாரிமேல் வைத்துவிடுவாள். 'இந்த வயசுல பொம்மையா' என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அவர் அலமாரியில் தூங்கும் மீன்தூண்டில்களைப் பற்றி நான் நினைவுபடுத்தியதும் அடங்கிவிட்டார்.

பிறகு அந்த இளைஞன் சொந்தக் கடை போடுகிறேன் என்று வேலையை விட்டுப் போனான். அன்றைக்கே அக்கா முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், கேமராவ இனிமே நான் எடுத்துக்கறேன்."

முதலாளி மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். "உன் கை எனக்குத் தெரியாதாம்மா? ஆனா இங்க குழந்தைங்க வருவாங்க, கல்யாணப் பொண்ணுங்க வருவாங்க. அவங்க முகத்துல சிரிப்பு வரணும். கேமராவுக்குப் பக்கத்துல இருக்கற முகத்தைப் பாத்துதானே சிரிப்பாங்க?"

அவள் கேமராவைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வெளியில ஒரு ஆளைத் தேடிட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் நான் மாடிக்குப் போனபோது, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பொம்மையின் தலையும் மறு கையில் மெல்லிய கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள் என் அக்கா. எதிரே நிலைக்கண்ணாடி.

"ஐயோ அக்கா! புத்தம் புதுசு! அதை யாராவது வெட்டுவாங்களா?"

"நான் வெட்டப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"உக்காரு, சொல்றேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "கண்ணாடியில பாத்தா எனக்குத் தழும்பு மட்டும்தான் தெரியுது, முகம் தெரியமாட்டேங்குது. அதே தழும்பை இவ முகத்துல போட்டு, தள்ளி வச்சுப் பாக்கணும். இது பாத்துச் சிரிக்க முடியாத முகமான்னு எனக்குத் தெரியணும். கூட்டத்துக்குக் கொண்டுபோய் எல்லார் நடுவுலயும் உக்கார வைக்கப் போறேன். அவங்க முகம் சுளிச்சா கேமராவ மறந்துடறேன். சுளிக்கலேன்னா அந்தக் கேமராவ விடமாட்டேன்."

அவள் ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பாள். நான் வாயை மூடிக்கொண்டு விளக்கைப் பிடித்தேன்.

பொம்மை செய்திருந்த ரெசின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெட்டினால் வெட்டினதுதான். சதை மாதிரி தானாக ஆறாது. அக்கா கண்ணாடியைப் பார்ப்பாள், தலையைப் பார்ப்பாள், ஒரு நூலளவு சீவுவாள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்து வேலை செய்வது அவளுக்குக் கைவந்த பழக்கம். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். தழும்பின் விளிம்பு மேடாக இருக்க வேண்டும் என்று பள்ளம் அடைக்கும் புட்டிப் பசையைத் துளித்துளியாக வைத்தாள். வண்ணச் சாக்பீஸ் பொடியைத் தூரிகையில் தொட்டு ஓரத்துக்கு அடர்சிவப்பும் நடுவில் வெளிறிய ரோஜா நிறமும் ஏற்றினாள். அதே கையோடு புருவமும் உதடும் எழுதினாள். அதன்மேல் அடிக்கும் பூச்சை ஈரக்காற்றில் அடித்தால் முகம் வெள்ளை பூத்துவிடுமாம். மழை விடுகிற வரை காத்திருந்து வெயில் வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் அடித்தாள். கடைசியாக வார்னிஷ் ஒரு சொட்டு.

"தழும்புல வேர்வைத் துவாரம் இருக்காதுடி. அதான் மினுங்கும்" என்றாள்.

முடிந்ததும் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே தொடக்கம், அதே வளைவு, வாயோரத்தில் அதே சின்னக் கொக்கி. ஆனாலும் எனக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

கூட்டம் ஒரு நூலகத்தின் மாடியறையில் நடந்தது. அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். நீள மேசையில் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஆச்சரியம். ஒருத்திக்குப் புருவம் வெட்டுப்பட்டிருந்தது, ஒருத்தனுக்குத் தோளில் தீக்காயம். தீக்காயக்காரனை வைத்திருப்பவர் ஒரு லாரி ஓட்டுநர். மலை மாதிரி ஆள். அந்தப் பெரிய கையால் பொம்மையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "காசு குடுத்து வாங்கின பொருளை ஏங்க இப்படிக் காயப்படுத்தறீங்க? உங்களுக்கும் இந்த மாதிரி அடி ஏதாவது பட்டிருக்கா?"

"எனக்கா? எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துரும்" என்றார் ஓட்டுநர். "இவன் முகம் ஒரே அச்சுல ஊத்தினதுங்க. இதே மூஞ்சி எத்தனை ஊர்ல எத்தனை அலமாரியில உக்காந்திருக்கோ! வந்தப்ப இவன் யாரோ. இந்தக் காயத்தைப் போட்டேன் பாருங்க, இப்ப கூட்டத்துல தொலைச்சாலும் கண்டுபிடிச்சுருவேன். இவன் எங்க போனான், என்ன பட்டான், எல்லாம் எனக்குத் தெரியும்."

"நீங்களா ஒரு கதை கட்டினதுதானே?"

"கட்டினதுதான். ஆனா ஒண்ணும் படாதவன்கிட்ட என்னத்தைப் பேசறது?"

விக்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய பொம்மை அலமாரியிலிருந்து விழுந்து முகவாய் பெயர்ந்துவிட்டதாம். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாராம். பிறகு, விழுந்தவள் எழுந்துவிட்டாள் என்று இருக்கட்டும் என அதையே தழும்பாகச் செதுக்கிவிட்டாராம். "இன்னொண்ணும் இருக்கு" என்று சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க. இவளுக்கும் அதே இடத்துல போட்டிருக்கேன், உடுப்புக்குள்ள. யாருக்கும் காட்டமாட்டேன். அவளுக்கும் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

கேலி பேச வந்த நான் எதிரே இருந்த பொம்மையின் பாவாடையைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

அக்கா தன் பெட்டியைத் திறந்து, பொம்மையை எடுத்து மேசை நடுவில் உட்கார வைத்தாள். எல்லோரும் குனிந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஓட்டுநர் "அடேயப்பா, அந்த மினுமினுப்பு!" என்றார். விளிம்புக்கு என்ன புட்டி என்று ஒருத்தி கேட்டாள். விக்கம்மா மட்டும், "பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க, அச்சு அசலா இருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

அக்கா பொம்மையைத் தூக்கித் தன் முகத்தருகே பிடித்தாள். இரண்டு முகங்களும் எங்களைப் பார்த்தன. அப்போதுதான் எனக்கு உறுத்தியது என்னவென்று புரிந்தது.

"அக்கா! கன்னம் மாறிப்போச்சு!"

"என்ன?"

"உனக்கு இடது கன்னம். இவளுக்கு வலது கன்னத்துல போட்டிருக்க!"

அவள் பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டாள். பொம்மையின் கன்னத்தைத் தொட்டாள்.

"கண்ணாடியப் பாத்து வெட்டினீங்களா?" ஓட்டுநர் சிரித்துவிட்டார். "கண்ணாடியில இருக்கறவ எதிர்ல நிக்கறா, உங்க இடது பக்கம் அவளுக்கு வலது பக்கம். எங்க கூட்டத்துல இது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கறதுதாங்க. என் மச்சத்தை நானும் இப்படித்தான் தப்பான பக்கத்துல வச்சேன். எப்பவுமே போட்டோவைப் பாத்துதான் வெட்டணும்."

"போட்டோ இல்ல" என்றாள் அக்கா.

"என்னங்க, ஸ்டூடியோவுல வேலை பாத்துக்கிட்டு..."

"அடிபட்டப்புறம் என் போட்டோ ஒண்ணுகூட இல்ல."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கன்னத்துப் புண்ணுக்கு அவளிடம் இருந்ததே கண்ணாடி ஒன்றுதான். அடையாள அட்டையில் இருப்பது விபத்துக்கு முந்தைய முகம். குடும்பப் படம் என்றால் 'நான் எடுக்கறேன், நீங்க நில்லுங்க' என்று நழுவிவிடுவாள். மாட்டிக்கொண்ட படங்களும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். அங்கே ரப்பர் தன் வேலையைக் காட்டிவிடும். ஊரார் முகத்தை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு, மற்றவர் கண்ணில் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

விக்கம்மா அவள் கையைப் பிடித்தார். "புட்டி வச்சு அடைச்சு, தேச்சு, மேல வண்ணம் குடுத்தா ஒண்ணும் தெரியாதுங்க. நான் பண்ணித் தரேன்."

"வேண்டாங்க" என்றாள் அக்கா. "அழிக்கறதுக்கு எனக்கே நல்லாத் தெரியும்." பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில என்கூட ஸ்டூடியோவுக்கு வா."

கடை திறக்கும் முன்பே போனோம். சாவி அவளிடம் உண்டு. விளக்குகளைத் தானே போட்டு, உயரம் சரிபார்த்து, கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தாள். என் கைக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. மாத்திரை அட்டை பிடித்துப் பழகிய கை அது.

"எதைப் பாத்து எடுக்கணும்?"

"கண்ணைப் பாரு. கண்ணு தெளிவா இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்."

பார்த்தேன். இத்தனை வருஷம் களிம்பு வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறேன். அவள் கண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! அம்மாவின் கண். அதே திமிர். "அருவியே விழுந்தாலும் அசைய மாட்டேங்கறியே" என்றேன். பக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பொத்தானை அழுத்தினேன்.

படத்தைக் கணினியில் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலதுகை தானாக நகர்ந்து அழிப்பானைத் தேர்ந்தெடுத்துக் கன்னத்துக்குப் போய்விட்டது. அங்கே நின்றது. பிறகு அவள் மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்து, படத்தைப் பெரிய அளவில் அச்செடுக்கப் போட்டாள்.

அந்தப் படத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் பொம்மையின் இடது கன்னத்தில் இரண்டாவது தழும்பை வெட்டினாள். முதலாவதை அடைக்கவில்லை. இப்போது பொம்மைக்கு இரண்டு கன்னத்திலும் தழும்பு.

"ரெண்டு எதுக்குக்கா?"

"இது நான் பாக்கற நான். அது நீங்க பாக்கற நான். ரெண்டுல எதை அழிக்கச் சொல்ற?"

படத்தைச் சட்டம் போட்டு ஸ்டூடியோவின் காட்சி ஜன்னலில், மாசுமருவற்ற மணப்பெண்களுக்கு நடுவில் மாட்டினாள். முதலாளி எடுத்து உள்ளே வைத்தார். மறுநாள் அவள் திரும்ப மாட்டினாள். அவர் எடுத்தார். அவள் மாட்டினாள். கடைசியில் அவர் பின்னறைக்கே வந்துவிட்டார். அன்று மதிய உணவுக்கு அவளைக் கூப்பிடப் போயிருந்த நான் வாசலில் நின்று கேட்டேன்.

"படம் நல்லாத்தாம்மா இருக்கு. அதை மட்டும் கொஞ்சம் லேசாக்கிட்டு மாட்டிக்கோயேன். உனக்கு ஒரு நிமிஷ வேலை."

அக்கா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். படம் திரையில் இருந்தது. "நீங்களே அழிங்க சார்."

"நானா?"

"உங்களுக்கும் தெரிஞ்ச வேலைதானே? எனக்குக் கத்துக்கொடுத்ததே நீங்கதான். உக்காருங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். திரையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா சிரிக்காமல் நின்றிருந்தாள். அவர் அந்த முகத்தைப் பார்த்தார், இந்த முகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரியில் அழுதவர் அல்லவா, மறுபடியும் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"சரி" என்றார் எழுந்து. "பாஸ்போர்ட் படம் மட்டும் எடு. முதல்ல அது போதும். யாராவது ஒருத்தர் முகம் சுளிச்சாலும்..."

"சுளிக்கட்டும். சுளிச்சு முடிச்சதும் படம் எடுத்துடறேன்" என்றாள் அக்கா.

முதலில் வந்தது யார் தெரியுமா? ஒரு சின்னப் பெண், அவள் அப்பாவோடு. முதலாளி எது நடக்கும் என்று பயந்தாரோ அதுவே வந்து முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. முதலாளி ஓரமாக நின்றார். கேட்கவே வேண்டாம், நான் மதிய உணவை மறந்துவிட்டேன்.

"நேரா உக்காரு கண்ணு. என்னைப் பாரு."

குழந்தை பார்த்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தது. "உங்க கன்னத்துல என்ன ஆன்ட்டி?"

குழந்தையின் அப்பா பதறிப்போய் "ஏய்!" என்றார். முதலாளி தரையைப் பார்த்தார்.

"அருவி விழுந்துடுச்சு" என்றாள் அக்கா.

"அருவியா?"

"ஆமா. இதே ரூம்ல. நீ உக்காந்திருக்கற இடத்துக்குப் பின்னாடி."

குழந்தை திரும்பிச் சுவரைப் பார்த்தது, மேலே பார்த்தது, கெக்கெக்கே என்று சிரிக்கத் தொடங்கியது. ஒரு கையால் வாயைப் பொத்தியது. சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. அக்கா கேமராவை இறக்கி, கன்னம் முழுவதும் விளக்கில் தெரிய முன்னால் வந்து நின்றாள்.

"சிரிக்காத கண்ணு. பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது, ஏத்துக்கமாட்டாங்க."

குழந்தையால் அடக்க முடியவில்லை. அக்கா முதலாளியின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கொஞ்சம் வந்து நிக்கறீங்களா? என்னைப் பாத்தா இவ சிரிக்கறா."